அடுப்பங்கரைக்கு ஊரடங்கு இல்லை

2020 ஏப்ரல் முதல் வாரத்தில் ஜலந்தர் நகரத்து மொட்டைமாடிகளிலிருந்து எடுத்த படங்கள் நம் கைபேசிகளுக்கெல்லாம் வந்துசேர்ந்தன. புகைமூட்டத்துக்குப் பின்னால் பல ஆண்டுகளாக மறைந்துகிடந்த தௌலாதர் மலைத்தொடர் பனி மூடிய முகடுகளோடு தெரிந்தது. டெல்லிக் காற்றில் நுண்துகள் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்றார்கள். வட இந்தியாவின் மேல் காற்றில் மிதக்கும் துகள்கள், அந்தப் பருவத்துக்கு 20 ஆண்டுகளில் இல்லாத அளவு குறைந்துவிட்டதாக நாசா சொன்னது. நம் எழுத்தாளர்கள் சும்மா இருப்பார்களா? மனிதன் ஒதுங்கியதும் பூமி மூச்சு விடுகிறது என்று எழுதித் தள்ளினார்கள்.

மூச்சு விட்டது யார்?

காற்றை அளந்த கருவிகள் சாலைச் சந்திப்பில், தொழிற்பேட்டையில், அலுவலக மாடியில் இருந்தன. வேலைக்குப் போகிறவர்கள் புழங்கும் இடங்கள் அவை. அந்த வேலை நின்றது, அந்தக் காற்று தெளிந்தது. நிற்காத வேலை ஒன்று இருந்தது. அது நடக்கும் இடத்தில் கருவி இல்லை.

ஒரத்தநாடு பக்கத்தில் என் பெரியம்மா வீடு. மார்ச் 23 அன்று கோயம்பேட்டில் முண்டியடித்து பஸ் பிடித்த மகன்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். மூன்று பேருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தவர் ஒன்பது பேருக்கு வைத்தார். பள்ளிக்கூடம் மூடியதால் பிள்ளைகளின் மதியச் சோறும் சத்துணவுக் கூடத்திலிருந்து வீட்டு அடுப்புக்கு வந்துவிட்டது. ஆண்களுக்கு வேலையில்லை, ஆகவே காபி மூன்று வேளை. தொற்று பயத்தில் எல்லோருக்கும் வெந்நீர், ஆவி பிடிக்க ஒரு தவலை தனியாக. கஜா புயலில் விழுந்த தென்னையின் கடைசித் துண்டுகள் கொல்லையில் கிடந்தன. தென்னை நின்று எரியாது, புகையும். அதோடு மட்டை, பாளை, கருவமுள், வறட்டி. கூரை தாழ்ந்த அடுப்பங்கரையில் ஊதுகுழலோடு குனிந்திருப்பவருக்கு ஜலந்தரில் மலை தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன!

கேஸ் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2007இல் தமிழக அரசு இலவச அடுப்பு கொடுக்கத் தொடங்கியபோது வந்த இணைப்பு. அது காபிக்கும் விருந்தாளிக்கும், சோறு விறகில். ஊரடங்கில் அரசு அட்டைக்கு 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தது. ஒன்றிய அரசு மூன்று சிலிண்டர் இலவசம் என்றது, ஆனால் 2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தின் இணைப்புக்கு மட்டும். முன்பே இணைப்பு வாங்கிய வீடு அந்தத் திட்டத்தில் சேர முடியாது. அரிசி இலவசம், அதை வேகவைப்பது அவள் பாடு.

அந்த நாசா குறிப்பிலேயே இன்னொரு செய்தி இருந்தது, யாரும் பகிரவில்லை. தென்னிந்தியாவில் துகள்கள் அப்படிக் குறையவில்லை, முந்தைய நான்கு ஆண்டுகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரிந்தன. வானிலையாக இருக்கலாம், பயிர்த்தீயாக இருக்கலாம், காற்றோட்டமாக இருக்கலாம் என்றார்கள். அடுப்புதான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. சந்தேகப் பட்டியலில்கூட அடுப்பின் பெயர் இல்லை என்கிறேன்.

வீட்டுக்குள் அளந்தவர்களே இல்லை என்றும் சொல்லமுடியாது. கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் மேலேயே கருவியைக் கட்டி அளந்தார். 2020 ஜூனில் அவர் இறந்தபோது நம் பத்திரிகைகள் மலைப் படங்களில் மும்முரமாக இருந்தன. நம் டெல்டாவிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. ஹாபின் என்று பெயர். குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என நான்கு நாடுகளில் 3200 கர்ப்பிணிகள். இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்கள் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் 18 மாத எரிவாயுவும் இலவசம், மீதிப் பேர் வழக்கமான விறகு. விறகுக்காரப் பெண்கள் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்குச் சராசரி 103 மைக்ரோகிராம் நுண்துகள். கேஸ்காரர்களுக்கு 35. தெருக்காற்றுக்கு நம் அரசு வைத்திருக்கும் 24 மணி நேர வரம்பு 60. எரிபொருள் தட்டாமல் வந்தபோது அந்தப் பெண்கள் விறகு பக்கம் திரும்பவே இல்லை என்று சொல்லலாம். "விறகடுப்புச் சோறுதான் ருசி, அவர்களுக்கே அதுதான் பிடிக்கும்" என்ற பேச்சுக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? விறகடுப்பு வீடியோக்களில் ஆண்கள் வயல் நடுவே வானத்துக்குக் கீழ் சமைக்கிறார்கள். அந்தப் புகைக்குப் போக வழி இருக்கிறது.

அந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. உடனே, கேஸ் கொடுத்தும் பயனில்லையா என்று பேச்சு கிளம்பியது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அவள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது பயன் இல்லையா? அவள் நுரையீரல் சுத்தமாக இருக்க, வயிற்றுப் பிள்ளை கூடுதலாக நூறு கிராம் எடை போட்டுச் சாட்சி சொல்லவேண்டுமா? வீட்டுப் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய என் பெரியம்மா எந்த ஆய்வில் வருவார்?

சூழலியல் தோழர்கள் வேறொன்று கேட்பார்கள்: மீத்தேனை எதிர்த்த மண்ணில் கேஸ் கேட்கலாமா? கதிராமங்கலத்தில் தெருவுக்கு வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்துப்பாருங்கள். வயலைத் தோண்டாதே என்றார்கள். அடுப்படியில் புகைந்தே சாவோம் என்று சத்தியம் செய்யவில்லை. எரிவாயுவை விட மேலான அடுப்பு இருந்தால் கொண்டுவாருங்கள். அதுவரை உங்கள் வீட்டுக் காரிலிருந்து சிக்கனத்தைத் தொடங்குங்கள்.

உஜ்வாலா இல்லாத வீடுகளுக்கு 2020 மே மாதத்திலிருந்து மானியம் பெயரளவுக்கு மேல் வரவில்லை. 2022இல் சிலிண்டர் 1000 ரூபாயைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் வரத் தொடங்கிய மாதம், சிலிண்டர் விலை 900க்கு மேல். ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்தால் மிச்சம் நூறுக்கும் குறைவு. ஆகவே அந்தப் பணம் பால் கடனுக்கும் பேத்தியின் நோட்டுக்கும் போனது, சோறு விறகிலேயே வெந்தது.

ரேஷனில் அரிசி வருவதுபோல் எரிவாயுவும் அட்டைக்கு வரவேண்டும், விலையில்லாமல். நாகப்பட்டினத்திலிருந்து தொடங்கட்டும். அங்கே பெண்கள் 18 மாதம் சமைத்துக் காட்டியாயிற்று.