தேய்ந்த என்ஜினும் புதிய ரிங்கும்

நம் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடர் நீலப்புகை கக்கத் தொடங்கியபோது, பாறசாலை வீட்டுத் தொழுவத்திலேயே அதன் என்ஜினைப் பிரித்தோம். செலவுக்கு அஞ்சிப் புதிய பிஸ்டன் ரிங்குகளை மட்டும் மாட்டினோம். இரு மாதங்களில் ஒன்று முறிந்தது, புகையும் மீண்டது. பிழை நம்முடையதே. பழைய வண்டி வைத்திருக்கும் சங்கத்து அன்பர்களுக்காக இதனை எழுதுகிறோம்.

சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. வெப்பம் மிகுந்து எண்ணெய் குறைந்த மேற்பகுதியே அதிகம் தேய்கிறது. அதற்கும் மேலே, ரிங் தொடாத இடம் ஒரு விளிம்பாக நின்றுவிடும். புதிய ரிங் அவ்விளிம்பில் மோதினால் முறியும். நகத்தால் தடவினாலே அது தட்டுப்பட்டிருக்கும். நாம் தடவிப் பார்க்கவில்லை!

1489 கன சென்டிமீட்டர் கொண்ட இந்த என்ஜினில் சிலிண்டர் விட்டம் புதிதில் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். தேய்மானத்தை அளந்து, போரிங் செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் இடவேண்டும். அது பட்டறை வேலை. பிரிப்பதும் கழுவுவதும் பூட்டுவதும் நம்மால் இயலும். பேரிங் மூடிகளுக்கு மட்டும் கழற்றும்போதே எண் குறித்துவிடுக. இடம் மாறினால் கிராங்க் இறுகிவிடும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. விற்றுவிடலாம் என்றனர் உறவினர். நாமோ பிளாக்கை நாகர்கோயில் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறோம். கட்டைமேல் நிற்கும் வண்டியை அன்னையார் நாள்தோறும் துடைத்து வைக்கிறார்.