மூணு கொட்டேஷன் போதுமா?

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஷாஃப்ட் தேவைப்பட்டது. எல்லா பேட்ச்சும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். மூணு கொட்டேஷன் வாங்கி, குறைந்த ரேட்டுக்கு ஆர்டர் கொடுத்தோம். ட்ராயிங்கில் இருந்தபடியே ஷாஃப்ட் வந்தது. லோடு கொடுத்ததும் ஸ்டெப்பில் உடைந்தது. மறுபடி போனபோது லேத் அண்ணன் கேட்டார்: "இது எங்க மாட்டறதுன்னு சொல்லியிருந்தா, அந்த மூலையில ஒரு ரேடியஸ் போட்டுக் குடுத்திருப்பேனே தம்பி?"

தப்பு எங்களோடது. வேலையைக் கொடுத்தோம், பிரச்சனையைச் சொல்லலை.

நாம செல்ஃபி எடுக்கப் போற சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையும் ஒரு சப்ளை செயினோட மிச்சம்தான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி இந்தக் கடற்கரையில் துணி வாங்கியது. வியாபாரிகள் வழியா முன்பணமும் மாதிரித் துணியும் போகும். அதே மாதிரி நெய்த துணி திரும்பி வரும். நெய்பவருக்கும் உடுத்துபவருக்கும் நடுவில் பேச்சே கிடையாது.

அந்த ஊரை ஒட்டிய கல்பாக்கத்தில் வேறு கதை. 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் முதன்மைக் கலன் சுமார் 13 மீட்டர் விட்டம். ரோட்டில் கொண்டுவர முடியாது. அதனால் எல் அண்ட் டி நிறுவனம் சைட்டிலேயே பட்டறை அமைத்து அதைச் செய்தது. கட்டுமானம் தொடங்கும் முன்பே, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் நம்ம நாட்டு கம்பெனிகளோடு சேர்ந்து முக்கிய பாகங்களைச் சோதனைக்காகச் செய்து பார்த்தது. டிசைன் செய்பவரும் வெல்டிங் செய்பவரும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள்.

"அந்த ப்ராஜெக்ட்டே லேட் ஆச்சே?" என்று கேட்கலாம். உண்மைதான். 2010இல் முடிய வேண்டியது. கோர் லோடிங் தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். சேர்ந்து வேலை செய்தால் எல்லாம் சீக்கிரம் முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனா இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய, குறைந்த ரேட் மட்டும் போதாது. செய்பவருக்குத் தெரிந்தது டிசைன் செய்பவருக்கு வந்து சேரணும்.

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஒரே ஒரு கோரிக்கை. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் கொட்டேஷன் ஷீட்டோடு இன்னொரு கேள்வியும் கேளுங்க: "செய்து கொடுத்தவர் உங்க ட்ராயிங்கில் என்ன மாற்றச் சொன்னார்?" பதில் "ஒண்ணுமில்ல"ன்னு வந்தா, அந்த டீம் அவரிடம் கேட்கவே இல்லைன்னு அர்த்தம்.

எங்க ரெண்டாவது ஷாஃப்ட் இன்னும் ஓடிட்டு இருக்கு. ரிப்போர்ட்டில் லேத் அண்ணன் பேரையும் சேர்த்துட்டோம்.