பரிசுக்கு ஒரு மினாரா



ஆண்டு விழாவுக்குப் பரிசு வாங்கும் பொறுப்பைச் சென்ற மாதம் என் தலையில் கட்டினார்கள். தாணே நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில் அரை நாள் அலைந்து, கண்ணாடிப் பெட்டியில் அடைத்த தாஜ்மகால் ஒன்றை மாதிரிக்கு வாங்கி வந்தேன். சலவைக்கல் என்று சத்தியம் செய்து விற்றார் கடைக்காரர். அறைக்கு வந்து நகத்தால் கீறினேன், மாவுபோல் உதிர்ந்தது. வெறும் மாக்கல்! மறுநாள் ஒரு மினாரா ஒடிந்து பெட்டிக்குள்ளேயே படுத்துவிட்டது.

உண்மைத் தாஜ்மகாலுக்கு ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வெண்சலவைக்கல் வந்தது. அக்கல்லில் பூவிதழின் வடிவுக்குக் குழி வெட்டி, அதே அளவுக்கு அறுத்த வண்ணக் கற்களை அதில் பதிக்கும் வேலையை ஆக்ராக் கைவினைஞர்கள் இன்றும் செய்கிறார்கள். அவர்கள் இழைத்த சிறு தட்டு ஒன்றை ஒருமுறை தடவிப் பார்த்தேன். கல்லும் கல்லும் சேருமிடம் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. விலையைக் கேட்டதும் மெல்லக் கீழே வைத்துவிட்டேன் என்பது வேறு செய்தி.

செயற்குழுவில் என் ஒடிந்த தாஜ்மகாலைக் கண்டு எல்லோரும் சிரித்தனர். சிரிக்கட்டும். ஆனால் நண்பர் ஒருவர் எழுந்து, "தமிழ் மன்றத்துக்குக் குவிமாடமும் மினாராவும் எதற்கு? அவை நம்முடையன அல்லவே! கோபுரம் கொடுப்போம்" என்றார். பலர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்புத்தான் என்னை எழுத வைத்தது. பேசும்போது அவர் விரலில் சுழன்ற சாவிக்கொத்தில் தொங்கியது எது தெரியுமா? மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா! 1924இல் கட்டி முடிந்த அதற்கு, 16ஆம் நூற்றாண்டுக் குஜராத்தின் இசுலாமியக் கட்டடங்களைப் பார்த்தல்லவா ஜார்ஜ் விட்டெட் வடிவம் கொடுத்தார்!

கோபுரம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. 'நம்முடையன அல்ல' என்ற சொல்லில்தான் மறுப்பு. நாகூர் யாருடையது? அங்குள்ள தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி உயரம். அதைக் கட்டியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். சிவாஜியின் தம்பி ஏகோஜியின் வழிவந்தவர். தமிழ் மண்ணில் ஓர் இசுலாமிய இறைநேசருக்கு மராட்டிய மன்னர் எழுப்பிய மினாரா! நாள்தோறும் மராட்டியரோடு ஒரே இரயில் பெட்டியில் இடிபட்டு வரும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு வேறென்ன வேண்டும்? கடல் கடந்துபோன தமிழ் முஸ்லிம்கள், 1828க்கும் 1830க்கும் இடையே சிங்கப்பூர்த் தெலுக் ஆயர் தெருவில் நாகூரின் நினைவாக ஒரு தர்காவையே எழுப்பினார்கள். கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கல் தூண்களைப் பார்த்தவர்களுக்கோ நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கோயில் மண்டபமோ என்று ஒரு கணம் நின்றிருப்பார்கள்.

ஆகவே என் யோசனை இது. தாராவியின் கும்பார்வாடாவில் சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சூளை வைத்திருக்கின்றன. நாகூர் மினாராவைச் சுடுமண்ணில் செய்து தரும்படி அவர்களைக் கேட்போம். அடியில் ஊர்ப் பெயர், கட்டிய மன்னர் பெயர், கூடவே வனைந்தவர் பெயரும் இருக்கட்டும். கடைப் பொருளில் அந்தக் கடைசிப் பெயரை நான் எங்கும் கண்டதில்லை. மண் உடையாதா என்பீர்கள். உடையும், ஆனால் சலவைக்கல் என்று சொல்லி யாரையும் ஏய்க்காது.

அடுத்த செயற்குழுவுக்கு மாதிரி ஒன்று கொண்டுவருகிறேன். கோபுரம் கேட்ட நண்பரும் ஞாயிற்றுக்கிழமை என்னோடு கும்பார்வாடாவுக்கு வருகிறார், அந்தச் சாவிக்கொத்தோடு.