மூன்றாம் தடவை என்பது குற்றமல்ல

அண்மையில் தம்பிலுவில் சென்றிருந்தபோது, தேநீர்க் கடையில் ஒரு விவசாயியுடன் பேச்சு வளர்ந்தது. அவருடைய மகள் உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சைக்கு இரு தடவைகள் தோற்றியும் மருத்துவ பீடம் கிட்டவில்லை. மூன்றாம் தடவைக்குப் படிக்கிறாள். "கேக்கிற ஆக்களுக்கு அதச் சொல்றதில்ல ஐயா. வீட்டில சும்மா இருக்கிறாள் எண்டுதான் சொல்றது" என்றார்.

இந்த வெட்கத்தை அவருக்குக் கற்பித்தவர் யார்? நிச்சயமாகப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அல்ல. அனுமதிக்காக மூன்று தடவைகள் தோற்றலாம் என்பது விதி. எத்தனையாவது தடவை என்பதற்காக இசட் புள்ளியில் எதுவும் குறைக்கப்படுவதில்லை. மூன்று பாடங்களின் பெறுபேறும் ஒரே அமர்வில் பெற்றதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கற்பித்தவர்கள் நாங்கள்தான். 'முதற் தடவையிலேயே சாதனை' என்று எத்தனை தலைப்புகளை நானே எழுதியிருப்பேன்! மூன்றாம் தடவையில் வென்ற ஒரு பிள்ளையின் படத்தை அச்சிட்டதாக எனக்கு நினைவில்லை.

மீண்டும் தோற்றுவோர் புதியவர்களின் இடத்தைப் பறிக்கிறார்கள் என்போர் உளர். அவர்கள் தமிழகத்தைக் காட்டலாம். நீட் தேர்வு வந்தபின் மருத்துவ இடங்களில் மீள எழுதியோரின் பங்கு பெருமளவு உயர்ந்ததை நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் எடுத்துரைத்தது. ஆனால் அங்கே பிழை மறுமுயற்சியில் இல்லை. ஓராண்டு காத்திருக்கவும் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டவும் வல்லவர்க்கே மறுமுயற்சி வாய்த்தது என்பதில்தான் இருக்கிறது. தடவைகளைக் குறைத்தால் வசதியுள்ளவர் பயிற்சியை இன்னும் முன்னதாகத் தொடங்குவார். வசதியற்றவரோ உள்ள வாய்ப்பையும் இழப்பார்.

நமது நிலையும் வேறல்ல. திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், அம்பாறை உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் என்று பங்கிடுகிறோம். மாவட்டத்துக்குள்ளே இருக்கும் பள்ளத்தை யார் நிரப்புவது? கல்முனைப் பிள்ளைக்கும் தம்பிலுவில் பிள்ளைக்கும் மாவட்ட வெட்டுப்புள்ளி ஒன்றுதான். ரியூசனுக்காக அக்கரைப்பற்றையும் தாண்டி பஸ்ஸில் போய், இருட்டுமுன் வீடு திரும்பவேண்டியவள் எவள்? பாடசாலையை விட்டு விலகியதும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் அவளுக்கு அந்நியமாகி விடுகின்றனர்.

நான் கேட்பது பெரிதல்ல. மீளத் தோற்றும் பிள்ளைகளுக்குப் பாடசாலை நூலகத்தையும் ஆய்வுகூடத்தையும் மாலையில் திறந்து விடுங்கள். பத்திரிகை நண்பர்களே, அந்தப் பழைய தலைப்பைக் கைவிடுங்கள்.

மூன்றாம் தடவையில் பட்டம் பெற்ற வைத்தியரிடம் எந்த நோயாளியும் தடவைக் கணக்குக் கேட்பதில்லை. அந்தத் தந்தை இனித் தலைநிமிர்ந்தே சொல்லட்டும்: என் மகள் படிக்கிறாள்.