சப்வூஃபர் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பீக்கரைத் திருப்பிப் பாருங்க

சம்பளம் வந்ததும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு ஒரு சப்வூஃபர் சேர்க்கலாம்னு தோணுதா? வாங்குங்க. "வீண் செலவு, அதை எஸ்ஐபில போடு"ன்னு நான் சொல்லப் போறதில்லை. பேஸ் கிட்டாரோட கடைசித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். மேஜை மேல இருக்கிற 3 இன்ச் ஸ்பீக்கர் அவ்வளவு கீழ இறங்காது. ஆசை நியாயமானதுதான். ஆனா பெட்டி மேல போட்டிருக்கிற விலை முழு விலை இல்லை.

முதல்ல ஸ்பீக்கரைத் திருப்பிப் பாருங்க. பின்னாடி 'சப் அவுட்' இருந்தா ஒரே வயர்ல வேலை முடிஞ்சது. இல்லைன்னா லைன் இன், லைன் அவுட் ரெண்டும் உள்ள சப்வூஃபரா தேடணும். இதைப் பார்க்காம ஆர்டர் போட்டா, ஆம்ப் மாத்து, ஸ்பீக்கர் மாத்துன்னு 9,000 ரூபாய் சமாச்சாரம் 20,000-த்துல போய் நிக்கும். வாட்ஸ் பார்க்கும்போது ஆர்எம்எஸ் மட்டும் பாருங்க. பிஎம்பிஓங்கிறது சும்மா பெரிய நம்பர்.

அடுத்தது நோ காஸ்ட் இஎம்ஐ. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ வட்டியைத் தள்ளுபடியா கழிக்கிறாங்க. அந்த வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி உங்க தலையில. உதாரணத்துக்கு 9,000 ரூபாய், 6 மாசம், 16% வட்டி, 199 ரூபாய் பிராசஸிங் கட்டணம்னு வச்சுக்குங்க. எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்கு மேல கூடுதலா போகும். மாசம் 1,500 எடுத்து வச்சு ஏழாவது மாசம் ரொக்கமா வாங்கலாமே!

திருச்சுழில இருந்து ஒர்க் ஃபிரம் ஹோம் பண்றவங்க இன்னொரு கணக்கும் போடணும். சர்வீஸ் சென்டர் எங்க இருக்குன்னு வாங்குறதுக்கு முன்னாடியே பின்கோடு போட்டுப் பாருங்க. மதுரைன்னு வந்தா, பத்து கிலோ பெட்டியைத் தூக்கிட்டு அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாள் சம்பளமும் விலையில சேர்த்திதான்.

வாங்கின பிறகு மூலையில தள்ளி வைக்காதீங்க. 40 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் கிட்டத்தட்ட 28 அடி. பத்தடி தளம் போட்ட ரூம்ல மூலையில வச்சா கும்முன்னு அடைக்கும். ஊர்ப் பொங்கலுக்குக் குழாய் கட்டின வாரம் யாரும் கண்டுக்க மாட்டாங்க, மத்த நாள்ல பக்கத்து வீட்டுச் சுவர் அதிரும். நீங்க உட்கார்ற இடத்துல சப்வூஃபரை வச்சு, ஒரு பாட்டைப் போட்டுட்டு ரூமைச் சுத்தி குனிஞ்சு நடந்து கேளுங்க. பேஸ் எங்க தெளிவா, சமமா கேக்குதோ, பெட்டிக்கு அதுதான் இடம். இதுக்குச் செலவு ஒண்ணும் இல்லை.