தேறல் யாருக்கு, மெத்தனால் யாருக்கு?

மன்னன் குடித்தால் அது தேறல். எங்க நைனா குடித்தால் அவர் குடிகாரப் பய. தமிழ் எம்.ஏ. வகுப்பில் இரண்டு வருசம் உட்கார்ந்து நான் கற்ற இலக்கணம் இதுதான்.

யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் குடித்ததைச் சொல்லும் புறநானூறு 56ஆம் பாட்டைப் பேராசிரியர் உருகி உருகி நடத்தினார். 1945இல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்ததைப் பெருமையாகச் சொன்னார். நல்லது. அந்தச் சாடியைக் கப்பலிலிருந்து தோளில் இறக்கியவன் யார் சார் என்று கேட்டேன். "அதெல்லாம் சிலபஸ்ல இல்லப்பா" என்றார். எங்க நைனா ராயபுரத்திலிருந்து ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போனவர். எனக்கு அதுதான் சிலபஸ்.

பதில் இலக்கியத்திலேயே இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை நம்ம தொண்டை நாட்டுப் பாட்டு. காஞ்சி இளந்திரையன்மேல் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் மது செய்யும் முறை படிப்படியாக வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, நெல்முளை சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் ஊறவைத்துப் பிழிகிறார்கள். எங்கே? அரண்மனையில் அல்ல. வலைஞர் குடியிருப்பில். வழியில் வரும் பாணனுக்கு அதைச் சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள்.

எங்க ஆயாவுக்கு எழுத்து தெரியாது. 1987 ஜனவரியில் அரசு கள்ளை நிறுத்தும்வரை திருவொற்றியூர்ப் பக்கம் கள்ளுக்கடை வாசலில் மீன் சுட்டு வித்தவள். "கள்ளுக்கு மீன்தான்டா சேர்த்தி" என்பாள். உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாய் எழுதியதை அவள் ஒரு வரியில் சொன்னாள். அவளை எந்தப் பண்பாட்டு வரலாறு சேர்த்துக்கொண்டது?

1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1987இல் கள்ளையும் சாராயத்தையும் வெளியே தள்ளிவிட்டு, ஆலையில் வடித்ததை வைத்துக்கொண்டார்கள். 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. 2023-24இல் டாஸ்மாக் வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பனையில் இறங்கினால் குற்றம், பாட்டிலில் அடைத்தால் பட்ஜெட். கோவாவின் ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம கள்ளுக்குக் கிடைத்தது போலீஸ் கேசு.

2023 மே மாதம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். அது மீனவர் குப்பம், பெரும்பாணாற்றுப்படையின் அதே வலைஞர் குடி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள், தலித்துகள். மெத்தனால் பானம் அல்ல. ஆலைக்கான ரசாயனம். ரெண்டு நாள் பொறுத்து அரிசியை ஊறவைக்கத் தெரிந்த சனத்தின் கையில் கடைசியில் வந்து சேர்ந்தது இதுதான்.

"அப்ப குடியைக் கொண்டாடச் சொல்றியா?" என்று எங்க தெருப் பெண்கள் கேட்பார்கள். கேட்கும் உரிமை அவர்களுக்கு முழுசாக இருக்கிறது. எங்க அம்மா வாங்கிய அடி எனக்கு மறக்கவில்லை. நைனாவை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஒரு நாளைக்கு நூறு மூட்டை தூக்கிய முதுகுவலிக்கு அரசு காட்டிய ஒரே மருந்துக்கடை டாஸ்மாக் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவர் உழைப்பைத் துறைமுகம் எடுத்துக்கொண்டது, கூலியைக் கடை எடுத்துக்கொண்டது. அம்மாவுக்கு மிச்சம் வந்தது அடி.

ஆகவே தோழர்களே, தமிழனின் மது வரலாறு என்று யாராவது மேடை போட்டுக் கொண்டாடினால் போங்கள். பாண்டியனின் பொற்கலத்தைக் காட்டும்போது எழுந்து நின்று கேளுங்கள். ஊறவைத்தவள் பெயர் என்ன? சாடி சுமந்தவன் எந்தச் சேரி? கருணாபுரம் இந்த வரலாற்றில் எத்தனையாவது பக்கம்?