இல்லறம் பிரிந்தால் சேமிப்பு யாருக்கு?

சங்கத்திலிருந்து ஓர் அங்கத்தினர் விலகுகிறார் என்றால், அவருடைய பங்குத் தொகை எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு, அவருக்கு வரவேண்டியது எவ்வளவு என்று பேரேட்டைப் பார்த்தே கணக்கை முடிக்கிறோம். கணவனும் மனைவியுமாக இருபது ஆண்டு சேர்ந்து உழைத்த குடும்பம் பிரியும்போதோ, இத்தகைய கணக்கு ஏதும் பார்க்கப்படுவதில்லை. இது முறையன்று என்பதே நமது அபிப்பிராயம்.

மணமுறிவு நல்லதா, கெட்டதா என்று நாம் இங்கே விவாதிக்கவில்லை. அது நேர்ந்துவிட்ட பின் உழைப்பின் பயன் எப்படிப் பங்கிடப்பட வேண்டும் என்பதே கேள்வி.

மஞ்சக்குட்டை முதலிய சேர்வராயன் மலை ஊர்களை எடுத்துக்கொள்வோம். காப்பிச் செடிக்குக் களை எடுப்பதும், பழம் பறிப்பதும், களத்தில் உலர்த்துவதும் பெரும்பாலும் பெண்களின் கையால் நடப்பவை. பட்டாவும் சங்கக் கணக்கும் பல வீடுகளில் ஆடவர் பெயரில் இருக்கின்றன. மலைக்குக் கீழே சேலத்துத் தறி வீடுகளிலும் நிலைமை இதுவே. மனைவி தார் சுற்றுகிறார். பாவு பூட்டத் துணை நிற்கிறார். கூலிப் புத்தகத்தில் கணவர் பெயர் மட்டுமே உள்ளது. கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியிலிருந்து பிடிக்கப்படும் பணமும், அரசு சேர்க்கும் பணமும் அந்த ஒரே பெயரில் சேர்ந்து வருகின்றன. உழைத்தவை நான்கு கைகள். முதுமைக்குச் சேர்ந்ததோ ஒருவருக்கு.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்துக்கு இடமளிக்கிறது. 27ஆம் பிரிவு திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றியது. இல்லறக் காலத்தில் சேர்ந்த சொத்தையும் சேமிப்பையும் பாதிப் பாதியாகப் பிரிக்கவேண்டும் என்ற பொது விதி, கோவா போன்ற முன்னாள் போர்ச்சுகீசியப் பகுதிகள் நீங்கலாக, நம் நாட்டில் இல்லை. மலையாளிப் பழங்குடி மக்களுக்கோ இச்சட்டமே நேராகப் பொருந்தாது. மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்கு இது செல்லாது என்று 2ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, மலையில் ஊர் வழக்கமே சட்டம்.

ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்ப்பதை நாம் குறைகூற மாட்டோம். அதில் செலவு குறைவு. காரியமும் விரைவில் முடிகிறது. ஆயினும், அங்கே நகையும் பாத்திரமும் மாடும் பேசப்படும் அளவுக்குச் சங்கத்துச் சேமிப்புப் புத்தகமும், தோட்டத் தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதியும் பேசப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரிந்த பொருள் பிரிகிறது. பெட்டிக்குள் இருக்கும் புத்தகம் பிரிவதில்லை.

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. தம்பதிகள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் ஈட்டிய ஓய்வூதிய உரிமையை, மணம் முறிந்தால் பங்கிடும் முறை ஜெர்மனியில் 1977இலும், கனடாவில் 1978இலும் வந்தது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

சம்பாதித்தவர் ஒருவர், பங்கு கேட்பவர் மற்றொருவரா என்று சிலர் வினவலாம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பே இதற்குத் தக்க விடை. கணவர் வெளிநாட்டில் ஈட்டிய பணத்தால் வாங்கிய சொத்தைப் பற்றிய வழக்கு அது. வீட்டையும் மக்களையும் பேணிய மனைவியின் உழைப்பும் அச்சொத்து சேர்வதற்குக் காரணம் என்று கொண்டு, அவருக்குச் சமபங்கு உண்டென்றார் நீதிபதி. அது மணமுறிவு வழக்கன்று. எனினும் அதன் நியாயம் தறி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நன்கு பொருந்தும். அந்த நியாயம் இரு பாலார்க்கும் பொது. மனைவி மகளிர் குழுவில் சேர்த்த பணமும் கணக்கில் வரத்தான் வேண்டும்.

நகைக்கடனில்தான் தொல்லை மிகுதி. மனைவியின் நகையைக் கணவர் தம் பெயரில் அடகு வைக்கிறார். சீதனம் மனைவிக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆனால், அடகுச் சீட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரிடமே சங்கம் நகையைத் திருப்பித் தரும். அதுபோலவே, கணவரின் கடனுக்கு மனைவி பிணை நின்றிருந்தால், திருமணம் முறிந்ததனால் பிணை முறிந்துவிடாது. கடன் தீரும் வரை அவரும் பொறுப்பாளியே. இதனை அறியாமல், பிரிந்து பல ஆண்டுகள் கழித்து நோட்டீசு கண்டு திகைப்போர் உண்டு.

ஆகவே, அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவன சில. மனைவியின் நகையை மனைவியின் பெயரிலேயே அடகு வையுங்கள். இயலும் இடங்களில் இருவரும் அங்கத்தினராகுங்கள். சேமிப்பைக் கூட்டுக் கணக்காக வையுங்கள். பிரிய நேர்ந்தால், சேமிப்பு, வைப்பு நிதி, கடன், பிணை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, இருவரும் சாட்சிகளும் கையொப்பமிடுங்கள். நீதிமன்றம் செல்வோர் அதனை அங்கே பதிவு செய்துகொள்வது நலம். வக்கீலுக்குப் பணமில்லை என்று பெண்கள் தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சேலத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வாரிசு நியமனப் படிவத்தையும் உடனே புதுப்பியுங்கள். பழைய பெயர் அதில் நின்றால், பின்னால் வாரிசுகள் வழக்காட நேரும்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். குடும்ப வழக்கில் தீர்ப்புக் கூறுவது சங்கத்தின் வேலையன்று. ஆனால், பிணைக் கையொப்பம் வாங்கும்போது அதன் பொருளை அந்தப் பெண்ணிடம் தமிழில் படித்துச் சொல்லுவதும், ஆண்டுதோறும் வாரிசுப் படிவத்தைச் சரிபார்க்கச் சொல்லுவதும் சங்கத்தின் வேலையே. அடுத்த பேரவைக் கூட்டத்தில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்றுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.